மூணு செங்கலும் முழங்கால் தண்ணியும்

எனக்கு எழுபத்திரண்டு முடிந்து மூன்றாவது நடக்கிறது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. (நாத்தனார் காலமான பிறகு அவள் பிள்ளைகள் இரண்டும் என் கையால்தான் சோறு தின்றன. அதையும் சேர்த்துத்தான் சொல்வேன், விடமாட்டேன்.) ஏழு பேரையும் ஆளாக்கிக் கரையேற்றியவளை யாரும் இன்றுவரை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்ல நான் விட்டதுமில்லை.

அப்படிப்பட்டவள் முன்பின் தெரியாத ஊரில், ஊரே வேடிக்கை பார்க்க, ஓர் அண்டாவுக்குள் குத்தவைத்து உட்கார்ந்து போனேன் என்பதை ஒப்புக்கொள்ளப் பதினான்கு வருஷம் ஆகியிருக்கிறது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். அதனால் நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் பேத்தி தேன்மொழி. "அப்பத்தா, நீ பேசுற மாதிரியே எழுதுனா டீச்சர் திட்டுவாங்க" என்று திருத்திக்கொண்டே வருகிறாள். திருத்தட்டும். நடந்ததைத் திருத்தாமல் இருந்தால் சரி.

எங்களுக்குக் குஜிலியம்பாறைப் பக்கம். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் சோளமும் கடலையும், பெய்யாவிட்டால் வெள்ளாடு. எங்கள் பக்கத்து ஆற்றில் வருஷத்துக்குப் பத்து நாள் தண்ணீர் வந்தால் அதிசயம். மிச்ச நாளெல்லாம் மணல்தான். அந்த மணலில் பையன்கள் பந்து விளையாடுவார்கள், ஆடு படுத்திருக்கும், சாமிக்குக் கிடா வெட்டினால் அங்கேயே மூன்று கல் கூட்டிப் பொங்கி, அங்கேயே இலை போட்டுச் சாப்பிட்டு வருவோம். ஆறு என்றால் எங்களுக்குச் சமையல்கட்டு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

என் கடைசி மகன் பாண்டி, திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தான். முப்பத்தொரு வயதாகியும் காட்டுகிற பெண்ணையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"ஏம்மா, மில்லுல ரேவதின்னு ஒரு புள்ள. வேதாரண்யத்துக்கு அங்கிட்டு, கடலோரம். அவங்கப்பா உப்பளத்துல மேஸ்திரி."

"அதுக்கு?"

"கட்டுனா அதைத்தான் கட்டுவேன். இல்லாட்டி இப்படியே இருந்துக்கிறேன்."

கடலோரத்துப் பெண்ணுக்கு நம் காடுகரை என்ன தெரியும்? களை வெட்டுவாளா, ஆடு ஓட்டுவாளா? முடியாது என்றேன். பாண்டி சண்டை போடவில்லை. பேசாமல் இருந்தான். ஒரு மாதம் பேசாமல் இருந்தான். (சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். பேசாதவனை எப்படி ஜெயிப்பது?)

கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். "பொண்ணு பாக்க வர வேணாம்மா. ஊர் பாக்க வா. கோடியக்கரைக் காடு இருக்கு, மான் இருக்கு, பூநாரை வரும், கலங்கரை விளக்கம் இருக்கு. ஒன் வயசுக்கு இன்னும் கடலையே பாக்கல நீயி."

அது உண்மை. சரி என்றேன். ஆனால் மனதுக்குள் முடிவு எழுதி வைத்துவிட்டேன்: போவது, பார்ப்பது, திரும்பி வந்து வேண்டாம் என்று சொல்வது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசி முடிகிற வரை பெண் வீட்டில் சாப்பிட மாட்டோம். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். வேண்டாம் என்று சொல்லப் போகிறவள் அந்த வீட்டில் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க முடியாது. ஆகவே வேனில் எங்கள் ஊரையே ஏற்றினேன். அரிசி, மஞ்சள் தடவிய ஆட்டுக்கறி, நானே இடித்த மிளகாய்ப்பொடி, வேலிக்கருவை விறகு ஒரு கட்டு. கடலோரத்தில் தண்ணீர் உப்பாக இருக்குமாமே, அதனால் ஒரு பெரிய அண்டா நிறைய எங்கள் கிணற்றுத் தண்ணீர். மாசி மாதத்தில் விடியக் கருக்கலில் பன்னிரண்டு பேர் புறப்பட்டோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்த அண்டா ஒரு சொம்புத் தண்ணீரை என் தம்பி பெண்டாட்டி சிவகாமி மடியில் ஊற்றிக்கொண்டே வந்தது.

"மதினி, கடல் பாக்குறதுக்கு முன்னாடியே நான் குளிச்சு முடிச்சிருவேன் போலிருக்கே" என்றாள்.

"பேசாம வாடி. அங்க நல்ல தண்ணிக்கு அலையும்போது தெரியும் இதோட அருமை."

எல்லாவற்றையும் ஏற்றியவள் ஒன்றை மட்டும் மறந்தேன். அடுப்புக் கூட்ட மூன்று கல். ஊர்ப் பேரிலேயே பாறை இருக்கிற இடத்திலிருந்து போகிறவர்கள் கல்லையா கட்டிக்கொண்டு போவார்கள்?

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ரேவதியும் அவள் அப்பாவும் ரோட்டிலேயே நின்றிருந்தார்கள். பெண் ஒல்லி, கருப்பு, பார்வை நேர்ப் பார்வை. அவள் அப்பா கும்பிட்டு, "வாங்க, வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி சாப்ட்டுட்டு..." என்று ஆரம்பிக்கும்போதே நான், "இல்லங்க, நாங்க ஊர் பாக்கத்தான் வந்தோம்" என்றேன். அவர் முகம் ஒரு நொடி சுருங்கி விரிந்தது. சுருங்கட்டும் என்றுதானே வந்திருந்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் சுற்றிக் காட்டினார்கள். உப்பளத்தில் பாத்தி பாத்தியாய்த் தண்ணீர் கட்டிக் காய விட்டிருந்தார்கள், நாங்கள் வெங்காயத்துக்குப் பாத்தி பிடிக்கிற மாதிரியே. "வெயில் அடிச்சா எங்களுக்கு வெள்ளாமைங்க, மழை பேஞ்சாத்தான் நட்டம்" என்றார் ரேவதியின் அப்பா. மழை வேண்டாம் என்று சொல்கிற மனுஷனை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். அப்புறம் காட்டுக்குள் வெளிமான் பார்த்தோம். ("நம்ம வெள்ளாடு கொம்பை முறுக்கிக்கிட்டு நிக்குது" என்றேன்.) யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள் மேய்ந்தன. தூரத்தில் பூநாரைகள் தண்ணீரில் ரோஸ் கலரில் நின்றன. ("கொக்குதான, கால்தான் நீளம்.") இராமர் பாதம் இருக்கிற மேட்டில் ஏறிக் கும்பிட்டுவிட்டு இறங்கும்போது அவர் பெருமையாகச் சொன்னார்.

"இந்தப் பக்கத்துலேயே ஒசரமான எடம் இதுதாங்க."

"அப்படிங்களா? எங்க ஊர்ல இதை வரப்புன்னு சொல்லுவோம்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். பாண்டி மட்டும் சிரிக்கவில்லை. ரேவதியும் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

மத்தியானம் அவர்கள் ஊருக்குத் திரும்பினோம். ஊரை ஒட்டிக் கடல்பக்கம் ஓர் உயரமான கரை. கரைமேல் ஒரு பழைய செங்கல் கோபுரம், பாதி இடிந்தது. அந்தக் காலத்தில் கப்பலுக்கு வெளிச்சம் காட்டியதாம். கரைக்குக் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் மட்டமான, காய்ந்த, வெடித்த தரை. கடல் எங்கோ கோடு போலத் தெரிந்தது. பார்த்ததும் எனக்கு எங்கள் ஆறுதான் ஞாபகம் வந்தது.

"இங்கதாண்டி பொங்குறோம்" என்றேன் சிவகாமியிடம்.

ரேவதி முன்னால் வந்தாள். "அத்தை, கீழ வேண்டாங்க. காத்து திரும்புனா ஏத்தம் வரும். கரைமேலேயே பொங்குங்க."

"ஏத்தமா?"

"கடல் தண்ணி மேல ஏறுங்க. இந்தத் தரை பூரா தண்ணியாயிடும்."

தண்ணீர் மேலே ஏறுமாம்! ஐம்பத்தெட்டு வருஷமாக நான் பார்த்த தண்ணீர் எல்லாம் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் போனது. (போவதே அபூர்வம், அது வேறு.) எனக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது. பொங்க விடாமல் செய்து, பசியில் போட்டு, வீட்டுக்கு அழைத்துப்போய் இலை போடப் பார்க்கிறாள்! கெட்டிக்காரிதான். ஆனால் என்னிடமா?

"நாங்க ஆத்துக்குள்ளேயே பொங்குறவக தாயி. நீ வீட்டுக்குப் போ, செத்த நேரத்துல வாரோம்" என்றேன். அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அவள் அப்பா கையைப் பிடித்து அழைத்துப் போனார். பாண்டி பின்னாலேயே போனான். அவன் நடையிலேயே கோபம் தெரிந்தது.

அடுப்புக்குக் கல் தேடினோம். அந்த ஊரில் கல்லே இல்லை! மண், மணல், கிளிஞ்சல், அவ்வளவுதான். அப்போதுதான் கோபுரத்தடியில் உதிர்ந்து கிடந்த செங்கற்கள் கண்ணில் பட்டன. தட்டையான, அகலமான, பழைய காலத்துச் செங்கல். பக்கத்தில் ஒரு நீலப் பலகை. அதில் பூசணிக்காய் பருமனுக்கு எழுத்து.

அந்தக் காலத்தில் எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆனால் அது என் தம்பி வீட்டாருக்குத் தெரியாது. தெரியாமலே காப்பாற்றி வைத்திருந்தேன். பலகை முன்னால் நின்றேன். இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டினேன். தலையை ஆட்டினேன்.

"என்ன மதினி எழுதியிருக்கு?" என்றாள் சிவகாமி.

"செருப்புப் போட்டு வரக்கூடாதாம்."

நான் படித்துச் சொன்ன பிறகு யாரும் பலகைப் பக்கம் போகவில்லை. பன்னிரண்டு பேரில் மகன் போக மிச்சம் பதினொரு பேரும் பயபக்தியோடு செருப்பைக் கழற்றினோம். மேலே விட்டால் நாய் தூக்கிப் போய்விடும் என்று, பதினொரு ஜோடியையும் கரைக்குக் கீழே அடுப்புக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். மூன்று செங்கலை நானே பொறுக்கி எடுத்து வந்தேன். எங்கள் வீட்டுக்காரர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டை உதறிக் கரைமேல் விரித்து உட்கார்ந்துகொண்டார்.

கறிச்சோறு வேக ஆரம்பித்தது. வாசம் அந்த வெட்டவெளி முழுக்கப் போனது. நான் கரண்டியோடு நின்று, கடல்காரர்களுக்குக் கறி என்றால் என்ன தெரியும் என்று ஒரு பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். அப்போது அடுப்பு 'ஸ்ஸ்' என்றது.

கீழே பார்த்தேன். காலடியில் ஈரம்.

"ஏண்டி சிவகாமி, அண்டாவைக் கவுத்துட்டியா?"

"நான் எங்க கவுத்தேன்? அண்டாவுல இருக்குறதே அரை அண்டா. மிச்சம் என் சேலையில இருக்கு!"

ஈரம் கணுக்காலுக்கு வந்தது. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. எங்கள் ஆற்றில் தண்ணீர் வந்தால் முதலில் சத்தம் வரும். இது சத்தமே போடவில்லை. பாய் விரிக்கிற மாதிரி நான்கு பக்கமும் விரிந்து வந்தது. நெருப்பு அணைந்தது. செங்கல் சரிந்தது. கறிச்சோற்றுக் குண்டா ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, பிறகு மெதுவாக மிதக்க ஆரம்பித்தது.

"தண்ணி! தண்ணி!" என்று எல்லாரும் கரைக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. குண்டாவைப் பிடிக்கப் போனேன். அதற்குள் செருப்பு வரிசை கலைந்து, பதினொரு ஜோடியும் ஊர்வலமாகக் கிளம்பிவிட்டது. எதைப் பிடிப்பது, எதை விடுவது? திரும்பிப் பார்த்தால் எனக்கும் கரைக்கும் நடுவே ஒரே தண்ணீர்.

சிரிக்காதீர்கள். எங்கள் ஆற்றில் திடீரென்று வருகிற வெள்ளம் ஆளையே உருட்டிக்கொண்டு போகும், கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம்தான் அன்று என்னைப் பிடித்தது. பக்கத்தில் அண்டா இருந்தது. இருந்த கிணற்றுத் தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினேன். (உப்புத் தண்ணீரில் எங்கள் நல்ல தண்ணீரை!) சேலையைச் சுருட்டிக்கொண்டு அதற்குள் ஏறி உட்கார்ந்தேன். அப்போது ஒடிசலாக இருப்பேன், பிடித்தது. அண்டா இரண்டு ஆட்டம் ஆடி, மிதந்தது. உட்கார்ந்தபடியே ஏழு கன்னிமாரையும் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டேன்.

கூச்சல் கேட்டு ஊரே கரைமேல் கூடிவிட்டது. ரேவதி ஓடி வந்தாள். சுடிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். நீந்தி வருவாள் என்று பார்த்தால், நடந்து வந்தாள்! சந்தைக்குப் போகிற மாதிரி நடந்து வந்தாள்.

"அத்தை, எறங்குங்க. முழங்கால் தண்ணிதாங்க."

"எறங்க மாட்டேன்."

"இந்தா பாருங்க, என் முட்டிக்குத்தான் இருக்கு."

"ஒன் முட்டி ஒசரமா இருக்கும். நான் எறங்க மாட்டேன்."

"சரி, ஆடாம உக்காந்துக்குங்க" என்றவள் அண்டாவைத் தொடவில்லை. குனிந்து தண்ணீருக்குள் துழாவினாள்.

"என்னத்தடி தேடுற? என்னைய இழு மொதல்ல!"

"செங்கல்லுங்க. சேத்துல பொதைஞ்சா அப்புறம் கெடைக்காது."

இங்கே ஒரு மனுஷி சாகக் கிடக்கிறாள், அவள் செங்கல் தேடுகிறாள்! ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றையும் தண்ணீரில் அலசி, சேறு போக்கி, என் மடியில் வைத்தாள். "கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்றாள். அப்புறம்தான் அண்டாவின் வளையத்தைப் பிடித்தாள்.

மடியில் மூன்று செங்கலோடு அண்டாவுக்குள் நான். இழுத்துக்கொண்டு என் மகன் கட்ட நினைக்கிற பெண். கரைமேல் இரண்டு ஊர் ஜனமும். எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து வாய்விட்டுச் சிரிக்காத மனுஷன், என் வீட்டுக்காரர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். கறிச்சோற்றுக் குண்டா எங்களை முந்திக்கொண்டு போனது, நாலைந்து காக்கை அதன் விளிம்பில் உட்கார்ந்து வந்தன.

கரையேறினதும் ரேவதி மெதுவாகச் சொன்னாள்: "நீங்க எடுத்ததை நீங்களே வச்சுருங்க அத்தை. இது எங்க ஊர்க் கோபுரம்."

குரலில் கோபம் இல்லை. ஆனால் விட்டுக்கொடுக்கிற குரலும் இல்லை. நான் ஏழு பேரை வளர்த்தவள், எனக்கு இப்படி ஒருத்தி சொல்வதா என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். வெறுங்காலோடு போய் மூன்றையும் எடுத்த இடத்தில் வைத்தேன். அப்போதுதான் சிவகாமி மகன் அந்தப் பலகையைப் பார்த்துக் கத்தினான். "அத்தே, செருப்பைப் பத்தி இதுல எங்க எழுதியிருக்கு?"

எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது. அந்த நிமிஷம் தண்ணீரே மேல் என்று நினைத்தேன். அண்டாவில் போனதுகூட எனக்கு அவமானம் இல்லை. இதுதான் அவமானம்.

ரேவதி என்னை ஒருதரம் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்று எனக்குத் தெரிந்தது. என்னை மறைத்துக்கொண்டு பலகை முன்னால் வந்து நின்றாள்.

"உப்புக் காத்துல எழுத்து பூரா அரிச்சுப்போச்சுங்க. யாருக்கும் படிக்க வராது. வாங்க, எல்லாரும் நனைஞ்சு நிக்கிறீங்க" என்றாள்.

எழுத்து அரிக்கவில்லை. பூசணிக்காய் பருமனுக்குப் பளிச்சென்று இருந்தது.

செருப்பில்லாமல், சேறும் சகதியுமாக அவள் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா துணி கொடுத்தார், பாய் விரித்தார். அடுப்படியிலிருந்து மீன் குழம்பு வாசம் வந்தது. ஆனால் இலை போடவில்லை. தயங்கித் தயங்கி, "ஒங்க பக்கத்து வழக்கம் தெரியுங்க. அதான் கேக்கப் பயமா இருக்கு" என்றார்.

பத்துப் பேருக்கும் பசி. ஆனாலும் எனக்கு முன்னால் இலையில் உட்காரத் தைரியம் இல்லை. பாண்டி நிலைப்படியில் சாய்ந்து நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அஞ்சாம் வகுப்பில் பரீட்சைத் தாள் வாங்கப் போகும்போது அப்படித்தான் நிற்பான்.

யோசித்தேன். தன் ஊர்ப் பொருள் மூன்று செங்கல் என்றாலும் விடமாட்டாள். என் மானம் போகிற இடத்தில் தன் வாயால் ஒரு பொய்யும் சொல்வாள். காட்டையும் வீட்டையும் கட்டிக்காக்க இதற்குமேல் என்ன தெரிய வேண்டும்? களை வெட்டுவது ஒரு நாளில் வந்துவிடும்.

"இலையப் போடுங்க சம்பந்தி" என்றேன். "வெஞ்சனம் என்ன வச்சிருக்கீக?"

பாண்டி சட்டென்று வெளியே போய்விட்டான். அழுதானா சிரித்தானா தெரியாது. நான் மூன்று தரம் சோறு வாங்கினேன். திரும்பும்போது என் வீட்டுக்காரரைக் கேட்டேன்: "ஒங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமே, பலகையில என்ன இருந்துச்சுன்னு அப்பவே சொன்னா என்ன?" அவர் சொன்னார்: "நீ படிச்சு முடிச்ச பெறகு நான் என்னத்தப் படிக்க?"

வைகாசியில் கல்யாணம். பெண் வீட்டுச் சீர்வரிசைத் தட்டுகளில் பழம், தேங்காய், பாத்திரம் எல்லாம் வந்தன. கடைசியாக என் சம்பந்தி ஒரு தட்டைத் தானே தூக்கி வந்தார். பட்டுத்துணி மூடியிருந்தது. திறந்தால் மஞ்சள் குங்குமம் வைத்த மூன்று புதுச் செங்கல். "அடுத்த தடவை கடல் பாக்க வரும்போது கொண்டாங்க சம்பந்தியம்மா" என்றார். மண்டபமே அதிர்ந்தது. 'வரப்பு' என்று நான் சொன்னதற்கு அந்த மனுஷன் அதுவரை பொறுத்திருந்து பதில் கொடுத்தார்.

அந்த மூன்று செங்கலில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டு வாசலில் வெந்நீர் காய்கிறது. மழைத்தூறல் விழுந்தால் போதும், வீட்டில் யாராவது ஒருவர், "ஆத்தாவுக்கு அண்டாவை எடுத்துவை" என்பார்கள். ரேவதி களை வெட்டுவதில் இப்போது என்னை மிஞ்சுவாள். எழுத்துக் கூட்ட எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான், கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல். பிறகு ஒரு தடவை அவள் ஊருக்கு நான் போயிருந்தபோது நானாக நின்று அந்த நீலப் பலகையை முழுக்கப் படித்தேன். இங்குள்ள எந்தப் பொருளையும் எடுக்கக் கூடாது என்று இருந்தது. செருப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பதினான்கு வருஷமாக ஒன்று மட்டும் பாக்கி. காற்று திரும்பினால் தண்ணீர் ஏறும் என்று அவள் சொன்னாளே, அன்றைக்கு அவள் சொன்னதுதான் சரி, நான்தான் தப்பு. இதை அவளிடம் நான் சொன்னதில்லை. மாமியார் வாயால் அதெல்லாம் எப்படிச் சொல்வது?

எழுதிட்டியா தேனு? எங்கே, முதலிலிருந்து வாசி, கேப்போம். அண்டா வர்ற இடத்தை வேகமா வாசிச்சுரு. அந்தக் கடைசி இடம் வரும்போது மட்டும் நல்லாச் சத்தமா, நிறுத்தி வாசி. ஒங்கம்மா அடுப்படியிலதான் இருக்கா.